பால்வெட்டும் அப்பாவும் எவரெஸ்ட் டாக்டரும்

கேள்வி: குவைத்தில் 11 வருடம் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்துவிட்டு, போன வருடம் நெய்யூருக்குத் திரும்பினேன். வயது 41. வீடு கட்டியாயிற்று, கடன் இல்லை, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் எதிலும் மனசு ஒட்டவில்லை. யாரோ ஒருத்தியின் வீட்டில் நான் தங்கியிருப்பது மாதிரி இருக்கிறது. தியானம் செய்து பார்த்தேன்; கண்ணை மூடினால் தவிப்புதான் கூடுகிறது. திருவட்டாறு பக்கம் இருக்கும் என் அப்பா, 70 வயதிலும் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு தெளிச்சம். அது எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

– ஒரு வாசகி, நெய்யூர்

பதில்: ஒருநாள் அப்பாவோடு தோட்டத்துக்குப் போங்கள், சகோதரி. அவர் முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் பட்டையை மெல்லிய சீவலாக எடுப்பார். பால் நிறைய ஓடுவது உள்பட்டையில். கத்தி இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மேலோடு சீவினால் பால் குறையும். வெட்டு சரியாக விழுந்ததா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். அடுத்த நொடி பால் சிரட்டைக்கு இறங்கும். நேரத்தையும் மரமே சொல்லிவிடுகிறது. விடியற்காலையில் அதனுள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கிவிடும். ஒவ்வொரு மரமும் அவருக்குப் பதில் சொல்கிறது.

இதைத்தான் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் ‘ஃப்ளோ’ என்றார். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு, செய்தது சரியா என்பது உடனே தெரிகிறது, வேலை நம் திறமைக்குச் சற்றே சவால். இந்த மூன்றும் கூடினால் ‘நான்’ என்ற நச்சரிப்பு அடங்கி, ஆளும் வேலையும் ஒன்றாகிவிடும் என்றார். 1975-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் ஆராய்ந்தவர்களில் பாறை ஏறுபவர்களும் அறுவை மருத்துவர்களும் உண்டு.

இரண்டுமாக இருந்த ஒருவர் உங்கள் ஊரில்தான் வாழ்ந்தார். டாக்டர் சாமர்வெல். முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தவர். அவர் போன 1922 எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவில் 7 சுமைதூக்கிகள் மாண்டார்கள். தான் பிழைத்த குற்ற உணர்வு அவரை விடவில்லை. அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை உதறிவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஏறத்தாழ 8,500 மீட்டரில் தொண்டை அவரை நிறுத்தியது. இறங்கும்போது மூச்சு அடைத்து, சாகப் போகிறோம் என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி, அடைப்பை இருமித் துப்பினார். பிறகு நெய்யூர், நோயாளிகளின் வயிற்றுப்புண், அறுவைக் கத்தி, இருபது வருடத்துக்கும் மேல். அவர் மன அமைதியைத் தேடி இங்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேலை இருந்த இடத்துக்கு வந்தார், அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஐ.சி.யூ.வில் 11 வருடம் மானிட்டரும் நாடியும் நிமிடத்துக்கு நிமிடம் உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கட்டி முடித்த வீடு எதற்கும் பதில் சொல்லாது. அந்த இடத்தில் போன் வந்து உட்கார்ந்துகொள்ளும், கவனம். அதுவும் ஆளை இழுத்து முக்கும். சீட்டாட்டத்திலும் ஃப்ளோ உண்டு. முழுகுவதெல்லாம் நல்லதல்ல என்று சிக்சென்ட்மிஹாயியே எச்சரித்திருக்கிறார்.

தியானத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆசையில்லாமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் இது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416-ல் அரசின் டெலி மனஸ் உதவி இலவசம், தமிழிலும் பேசலாம். அப்படி இல்லையென்றால், உங்கள் தெருவில் படுக்கையாகக் கிடக்கும் ஒருவருக்கு, அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வாரம் இரண்டு நாள் புண் கட்டிவிடுங்கள். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் புண் ஏதாவது சொல்லும்.

ஒன்று கேட்க மறந்தேன். மழை பிடித்து நான்கு நாள் வெட்டு நின்றால் அப்பா வீட்டில் எப்படி இருக்கிறார்? சாயா ஆறிப்போயிற்று என்று அம்மாவிடம் எரிந்து விழுவாரே, அந்த முகத்தையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.