ஹிட்லரின் புத்தகம் குறித்துக் கதிருக்கு

கும்பகோணம்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. எம்.ஏ. ஆய்வுக் கட்டுரைக்கு ஹிட்லரின் 'எனது போராட்டம்' நூலை எடுத்துக்கொண்டதாகவும், "வேறு தலைப்பே அகப்படவில்லையா" என்று உன் அப்பா கோபித்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். தலைப்பில் குற்றமில்லை. நீ அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்புதான் எனக்குக் கவலை தருகிறது. 1912இல் மியூனிக் சென்றார், வியன்னாவில் யூத வெறுப்பாளர் ஆனார், கட்சியின் ஏழாவது உறுப்பினராகச் சேர்ந்தார் என்று மூன்று செய்திகள் எழுதி, மூன்றுக்கும் அவர் புத்தகத்தையே அடிக்குறிப்பில் காட்டியிருக்கிறாய். மூன்றும் அப்படியே நிற்காது.

முதலில் மியூனிக். 1912 வசந்தத்தில் வந்ததாகப் புத்தகம் சொல்கிறது. பல இனங்கள் கலந்த ஹாப்ஸ்பர்க் அரசின் மேல் வெறுப்பு, ஜெர்மன் மண்ணில் வாழும் ஆசை என்று காரணமும் சொல்கிறது. அவர் உண்மையில் வந்தது 1913 மே மாதக் கடைசியில். போலீஸ் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. தகப்பனார் விட்டுப்போன சொத்தில் அவருடைய பங்கு கைக்கு வந்ததும் அந்த மே மாதத்தில்தான். ஓராண்டு பிசகினால் என்ன, யாருக்கும் தேதி மறக்காதா என்று நீ கேட்கலாம். மறக்கும். ஆனால் இந்த மறதிக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது. ஆஸ்திரியச் சட்டப்படி அவர் 1909இலேயே ராணுவச் சேவைக்குப் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை. லின்ஸ் நகர அதிகாரிகள் தேடத் தொடங்கினார்கள். 1914 ஜனவரியில் மியூனிக் போலீஸ் அவர் குடியிருந்த வீட்டுக்கே வந்து நின்றது. தம் வறுமையையும் அறியாமையையும் சொல்லிக் கெஞ்சும் குரலில் லின்ஸுக்கு நீண்ட கடிதம் எழுதினார். பிப்ரவரி 5ஆம் தேதி சால்ஸ்பர்க்கில் உடல் பரிசோதனை நடந்தது. ஆயுதம் ஏந்தத் தகுதியில்லை என்று விட்டுவிட்டார்கள்.

புத்தகத்தில் இதைப் பற்றி மூச்சே கிடையாது. 1938இல் ஆஸ்திரியாவை விழுங்கிய கையோடு ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ இந்தக் கோப்பைத்தான் லின்ஸில் துருவித் தேடியது. அகப்படவில்லை. ஃபிரான்ஸ் யெட்சிங்கர் என்பவரிடம் அது பத்திரமாக இருந்தது. 1956இல் வந்த அவருடைய நூல் வழியாக வெளிச்சத்துக்கு வந்தது.

இதைப் படித்ததும் "பயந்து ஓடிவந்தவர்" என்று எழுதிவிடாதே. 1914 ஆகஸ்டில் போர் மூண்டவுடன் பவேரியப் படையில் தாமே முன்வந்து சேர்ந்தவர் அவர். ஹாப்ஸ்பர்க் கொடியின் கீழ் நிற்க மனமில்லை என்ற மட்டில் புத்தகம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். புத்தகம் மறைத்ததைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், அது சொன்னதையெல்லாம் தூக்கி எறிகிறவனும் நல்ல ஆய்வாளன் அல்லன்.

இரண்டாவது, வியன்னா. தெருவில் ஒரு யூதரைக் கண்டதும் கண் திறந்தது என்ற மாதிரி அவர் எழுதியிருப்பதை நீ அப்படியே எடுத்துக்கொண்டாய். பிரிகிட்டே ஹாமன் என்ற வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட ஆய்வைப் படி. மெல்டமான் தெரு ஆண்கள் விடுதியில் ஹிட்லர் மூன்று ஆண்டுகள் தங்கியிருந்த காலத்தில், அவர் வரைந்த படங்களை விற்க உதவியவர்களிலும் வாங்கியவர்களிலும் யூதர்கள் இருந்தார்கள். யோசெஃப் நோய்மன் கூடவே தங்கியிருந்த நண்பர். சாமுவேல் மோர்கன்ஸ்டெர்ன் தொடர்ந்து படம் வாங்கிய கடைக்காரர். ஹிட்லரின் தாயாருக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த எடுவார்ட் புளோக்கும் யூத மருத்துவர்தான். அந்த நகரில் அப்போது யூத வெறுப்பு தாராளமாகப் புழங்கியது, மேயர் கார்ல் லூகரே அதை வைத்து ஓட்டு வாங்கியவர் என்பதெல்லாம் சரி. ஆனால் ஹிட்லர் அங்கேயே அந்தக் கொள்கையில் உறுதிப்பட்டுவிட்டார் என்பதற்கு, பிற்பாடு அவரே எழுதிய வரிகளைத் தவிர வலுவான சாட்சி இல்லை. யூதர்களைப் பற்றிய அவருடைய அரசியல் கருத்து முழுதாக எழுத்தில் கிடைக்கும் முதல் ஆவணம் கெம்லிஹ் என்பவருக்கு எழுதிய கடிதம். தேதி 1919 செப்டம்பர் 16. ராணுவத்தின் பிரச்சாரப் பிரிவில் கேப்டன் கார்ல் மாயரின் கீழ் வேலை பார்த்தபோது எழுதியது.

அந்த 1919ஆம் ஆண்டைத்தான் நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். 1918 நவம்பரில் பாசெவால்க் மருத்துவமனையில் தோல்விச் செய்தி கேட்டு அழுததாகவும், அரசியலுக்கு வருவதென்று அங்கேயே முடிவெடுத்ததாகவும் புத்தகம் சொல்கிறது. அப்படி முடிவெடுத்தவர் 1920 மார்ச் கடைசிவரை ராணுவச் சம்பளத்திலேயே இருந்தார். இடையில் மியூனிக்கில் இடதுசாரிகளின் சோவியத் குடியரசு நடந்த ஏப்ரல் மாதத்தில், படைவீரர்கள் தேர்தலில் நின்று பட்டாலியனின் மாற்றுப் பிரதிநிதியாகத் தேர்வும் ஆனார். புத்தகம் இதைச் சொல்வதில்லை. அதே மாதக் கடைசியில் தம்மைக் கைது செய்ய வந்தவர்களைத் துப்பாக்கி காட்டி விரட்டியதாக மட்டும் சொல்கிறது. அவர் அன்று மனதார இடதுசாரியாக இருந்தாரா, பிழைப்புக்காக நின்றாரா, வேவு பார்த்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நீ தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. சுற்றியுள்ள மாதங்களை விலாவாரியாகப் பேசும் புத்தகம் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறது என்று எழுது, போதும்.

ஏழாவது உறுப்பினர் கதைக்கு அதிக நேரம் வேண்டாம். அவருடைய கட்சி எண் 555. ஆள்பலம் பெரிதாகத் தெரியட்டும் என்று 501இலிருந்து எண் போட்ட கட்சி அது!

சரி, இவ்வளவு ஓட்டையுள்ள புத்தகத்தை எதற்குப் படிப்பது என்கிறாயா? நிலம் விற்கிறவர் வாய்மொழியில் வில்லங்கம் வராது. அதற்குப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். ஆனால் அவர் எதை அழுத்திச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதிலிருந்து, அவருக்கு இப்போது என்ன தேவை என்று தெரிந்துவிடுகிறது. இந்தப் புத்தகம் 1889 முதல் 1923 வரையிலான வாழ்க்கைக்கு மோசமான சாட்சி. அது எழுதப்பட்ட 1924-26க்கு மிக நல்ல சாட்சி. உன் கட்டுரை அங்கேதான் தொடங்க வேண்டும்.

அன்றைய நிலைமையைப் பார். 1923 நவம்பரில் மியூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றார். ஐந்தாண்டுத் தண்டனை, லான்ட்ஸ்பெர்க் சிறை, அதிலும் சலுகையான காவல், வருவோர் போவோருக்குக் குறைவில்லை. 1924 டிசம்பர் 20ஆம் தேதி வெளியே வந்துவிட்டார். கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது, வெளியே இருந்தவர்கள் தலைமைக்கு அடித்துக்கொண்டார்கள். இவர் ஜூலையில், புத்தக வேலை இருக்கிறது என்று சொல்லி எல்லோரிடமிருந்தும் ஒதுங்கிக்கொண்டார். வக்கீல் செலவுக்குப் பணமும் வேண்டியிருந்தது. முதல் தொகுதி 1925 ஜூலையில் வந்தது, இரண்டாவது 1926 டிசம்பரில். அந்த நேரத்தில் அவருக்கு எப்படிப்பட்ட கடந்தகாலம் தேவைப்பட்டது? சிறுவயது முதலே விதி தயார்செய்த தலைவர், எங்கும் தடுமாறாதவர், ஒரே கொள்கையில் நின்றவர். அத்தகைய கடந்தகாலத்தையே எழுதிக்கொண்டார். 1912, வியன்னா, பாசெவால்க், ஏழு என்ற எண் எல்லாமே அந்த ஒரு தேவைக்குள் அடங்கிவிடுவதைக் கவனி.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த இடம். கலகம் செய்து சிறைக்குப் போனவர் எழுதிய புத்தகத்தில் அந்தக் கலகத்தின் கதை இல்லை! தம்மைக் கைவிட்ட பவேரியப் பெரிய மனிதர்களைத் தோலுரிப்பதாகத்தான் முதலில் திட்டம். இரண்டாம் தொகுதியின் முடிவில், பழைய புண்களைக் கீற விரும்பவில்லை என்ற பொருளில் சொல்லி நழுவிவிடுகிறார். சிறையிலிருந்து முன்கூட்டியே வெளிவரவும், பிறகு கட்சியை மறுபடி நடத்தவும் அந்தப் பெரிய மனிதர்களின் தயவு வேண்டியிருந்ததே.

இனி எதிர்ப்பக்கம். 1925இலேயே எல்லாம் எழுதிவைத்துவிட்டார், பின்னால் நடந்தது அதன் அச்சுப்பிரதி என்று பலர் எழுதுவார்கள். அது சுலபமான வழி. யூதர்கள் மேல் கொலைவெறி அந்தப் பக்கங்களில் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கானவர்களை நச்சுவாயுவில் தள்ளியிருக்கலாம் என்ற கொடூரமான பேச்சும் இருக்கிறது. ஆனால் யூதர்களைக் கொன்றழிக்க 1941இல் எடுத்த முடிவுகளுக்கு 1941இன் ஆவணங்கள் வேண்டும். மறுபுறம், தேர்தல் கால வாய்ச்சவடால் என்று ஒதுக்கியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று உனக்கே தெரியும். எதை நம்புவது, எதை விடுவது? ஒரே கருத்தை அவர் வேறு எங்கே, யாரிடம் சொன்னார் என்று தேடு. கிழக்கே ரஷ்யப் பக்கம் நிலம் பிடிப்பது என்ற எண்ணம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. 1928இல் எழுதி வெளியிடாமலே வைத்த இரண்டாவது புத்தகத்திலும் இருக்கிறது. அது 1961இல்தான் அச்சேறியது. ஆட்சிக்கு வந்த நான்காம் நாள், 1933 பிப்ரவரி 3 அன்று, மூடிய கதவுக்குள் தளபதிகளிடமும் அதையே பேசினார். வாசகர் கைக்குப் போகாத தாளிலும் வெளியார் இல்லாத அறையிலும் ஒரு பேச்சு மாறாமல் வந்தால், அது மேடைக்கான பேச்சு அல்ல.

1934இல் இதன் முழுமையான பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பாரிஸில் வெளிவந்தபோது, ஹிட்லரின் பதிப்பகமே பிரெஞ்சு நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்தியதையும் சேர்த்துக்கொள். பிரான்ஸைப் பரம எதிரி என்று எழுதியதைப் பிரெஞ்சுக்காரர்கள் படிப்பது, சமாதானம் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு வழக்குக் கட்டும் ஆதாரம்தான்.

நம் நடைபாதைக் கடைகளில் இதைத் தன்னம்பிக்கை நூல்களோடு அடுக்கிவைக்கிறார்கள். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இந்தியாவைப் பற்றிய பக்கத்தை எட்டுகிறார்கள் என்பது சந்தேகமே. இந்திய விடுதலைக்குப் போராடியவர்களை அதில் ஏளனம் செய்கிறார். வேறு எவர் கையிலும் இருப்பதைவிட இந்தியா ஆங்கிலேயர் கையில் இருப்பதே மேல் என்கிறார். 1942 மே மாதம் சுபாஷ் சந்திர போஸ் அவரை நேரில் சந்தித்தபோது இந்தப் பகுதியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. "பிரிட்டனின் எதிரி, ஆகவே நமக்கு நண்பர்" என்று உன் வகுப்பில் யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தைக் காட்டு.

உன்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு? 1930இல் ஒரே தொகுதியாக வந்த மலிவுப் பதிப்பில், கட்சித் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதி, மேலிருந்து நியமிப்பது என்று மாறிவிட்டது. அந்த மாற்றமே கட்சி போன திசைக்குச் சான்று. 1933இல் வந்த ஆங்கிலச் சுருக்கத்தை நம்பாதே. ரால்ஃப் மான்ஹைமின் 1943ஆம் ஆண்டு முழு மொழிபெயர்ப்பை எடு. மியூனிக் சமகால வரலாற்று நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஆய்வுப் பதிப்பு இரண்டு தொகுதி, ஏறத்தாழ 2,000 பக்கம், 3,500க்கு மேல் குறிப்புகள். ஜெர்மன் தெரியாமல் அது உதவாது. இயன் கெர்ஷா எழுதிய ஹிட்லர் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொள். "அந்தப் புத்தகத்தை யாரும் படிக்கவில்லை" என்று போருக்குப் பின் ஜெர்மானியர் பலர் சொன்னதையும் சந்தேகத்தோடே எழுது. சொன்னவர்களுக்கும் அப்போது ஒரு தேவை இருந்தது.

நடை சகிக்காது, ஒரே சொல்லடுக்கு. இனத்தைப் பற்றிய அத்தியாயம் குமட்டும். தாவாதே. நாளைக்கு இருபது பக்கத்துக்கு மேல் வேண்டாம். இடையிடையே, டிரெஸ்டனில் உயிரோடு தப்பிய யூதப் பேராசிரியர் விக்டர் கிளெம்பரரின் நாட்குறிப்பைப் படி.

முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பு. அடிக்குறிப்பில் பதிப்பாண்டு இல்லாவிட்டால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
பெரியப்பா