எல்லை மாறிய நாள்

நுழையும்முன்

அரசர்களும் போர்களும் மட்டுமே வரலாறு ஆகா. ஒரு நாளில் மக்கள் எந்த நாணயத்தைக் கொடுத்துப் பொருள் வாங்கினர், எதனால் எடை போட்டனர், எந்தப் பாட்டைக் கேட்டனர், யாருக்குக் கடிதம் எழுதினர் என்பனவும் வரலாறே. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள நகரி என்னும் ஊரில் 1960ஆம் ஆண்டின் ஒரு நாள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை இப்பாடம் காட்டுகிறது. இதில் வரும் சட்டங்களும் ஆண்டுகளும் உண்மையானவை. நெசவாளர் குடும்பம் மட்டும் கற்பனை.

பொழுது விடிந்தது

1960ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள், வெள்ளிக்கிழமை. நகரி மலையின் மேல் வெயில் படர்ந்தது. மூக்கின் வடிவில் நீண்டிருக்கும் அம்மலையுச்சியைக் கடலில் செல்வோரும் அடையாளமாகக் கொண்டதுண்டு. மலையடி ஊரில் நெசவாளர் தெருவோ வெயிலுக்கு முன்பே விழித்துவிட்டது. பாவு நீட்டும் வேலை முடிந்து, வீடுகளினுள் தறியோசை தொடங்கியிருந்தது.

அத்தெருவில் ஒரு வீடு. தந்தை தறியில் அமர்ந்திருந்தார். தாய் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பாட்டி திண்ணையில் இருந்தார். மூத்த மகன் தெலுங்குப் பள்ளியில் பயின்றான். பத்து வயது மகள் வள்ளி தமிழும் தெலுங்கும் படித்தாள். திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் நினைவாகவே அன்று அவ்வீட்டில் பேச்சு நடந்தது. நேற்றுவரை அத்தையின் ஊரும் நகரியும் ஒரே மாவட்டம். இன்று முதல் அவை வெவ்வேறு மாநிலங்கள்.

கோடு எவ்வாறு மாறியது?

1911ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. அப்போது அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. தமிழர் மிகுந்து வாழ்ந்த திருத்தணியும் அவ்வாறே சேர்ந்தது. இதனை எதிர்த்து ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர்.

இரு மாநிலங்களுக்கும் இடையே உடன்பாடு காண எச். வி. படாஸ்கர் அமர்த்தப்பட்டார். பேசப்படும் மொழி, நிலத்தொடர்ச்சி ஆகியவை கருதப்பட்டன. அவர் வகுத்த வழியில் 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்பிரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. சென்னை மாநிலத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரப் பிரதேசத்திற்குச் சென்றன. நகரி ஆந்திரப் பிரதேசத்திலேயே நின்றது. அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் காமராசர். ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சர் தாமோதரம் சஞ்சீவய்யா.

கோடு எங்கே வரையப்பட்டாலும் அதன் இருபுறமும் இரு மொழியினரும் இருந்தனர். எந்தக் கோடும் அவர்களை முற்றிலும் பிரித்திருக்க முடியாது. நகரிக்கு அருகில் உள்ள தொடர்வண்டி நிலையங்களின் பெயர்களே இதற்குச் சான்று. ஒன்று ஏகாம்பரகுப்பம், மற்றொன்று வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. முதலாவதில் தமிழின் 'குப்பம்' இருக்கிறது. இரண்டாவதில் தெலுங்கின் 'வாரி' இருக்கிறது. இரண்டையும் ஒரே இருப்புப்பாதை இணைக்கிறது.

அணாவும் நயா பைசாவும்

காலையில் தாய் வள்ளியைக் கடைக்கு அனுப்பினார். அக்காலத்தில் கடைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் மக்கள் கையில் இருவகை நாணயங்கள் இருந்தன.

பழைய முறையில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் புதிய முறை வந்தது. அதன்படி ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. 'நயா' என்றால் 'புதிய' என்பது பொருள். 1964இல் அச்சொல் நீக்கப்பட்டு, 'பைசா' என்பது மட்டும் நிலைத்தது.

16 அணா 100 நயா பைசாவுக்குச் சமம் எனில், ஓர் அணா ஆறேகால் நயா பைசா ஆகும். கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே அரசு ஓர் அட்டவணை தந்தது. அதன்படி ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25.

வள்ளி கடைக்காரரிடம் கேட்டாள்: "ஐயா, ஓர் அணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்கினால் 24 நயா பைசா. நான்கையும் சேர்த்து வாங்கினால் 25 நயா பைசா. ஒரு நயா பைசா எங்கிருந்து வந்தது?"

கடைக்காரர் சிரித்தார். "நல்ல கணக்குத்தான் அம்மா! நீ நான்கு முறை நடந்து வருவதாயின் அந்த ஒரு நயா பைசா உனக்கே" என்றார்.

எடையிலும் இத்தகைய குழப்பம் இருந்தது. வீசை, பலம், சேர் என்பன மக்கள் நாவில் இருந்தன. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் முறை படிப்படியாக நாட்டில் புகுந்தது. ஒரு வீசை என்பது ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். வீசைக் கணக்கில் வாங்கிப் பழகியவருக்கு, "ஒரு கிலோ" என்று கேட்டு வாங்கும்போது பொருள் குறைந்துவிட்டதாகவே தோன்றும்.

மலிவான காலமா?

"அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு" என்று பெரியோர் கூறுவர். அக்கூற்று முழு உண்மையா? 1960இல் பத்துக் கிராம் தங்கத்தின் விலை ஏறத்தாழ 112 ரூபாய். அவ்வாறாயின் எட்டுக் கிராம் கொண்ட ஒரு சவரன் ஏறத்தாழ 90 ரூபாய். இன்று கேட்போருக்கு இது வியப்பளிக்கும்.

ஆனால் விலையைக் கூலியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மத்திய அரசின் இரண்டாம் ஊதியக் குழு 1959இல் தன் அறிக்கையைத் தந்தது. அரசு ஊழியர்க்கு மாதம் 80 ரூபாயேனும் கிடைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதாவது, அரசின் கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு மாதம் முழுவதும் உழைத்து, ஒன்றும் உண்ணாமல் சேமித்தாலும், ஒரு சவரன் வாங்க இயலாது. நிலையான சம்பளம் இல்லாத தறித்தொழிலாளியின் நிலை இன்னும் கடினம். நெய்த சேலை விற்றால்தான் அடுத்த பாவுக்கு நூல். எனவே நாணயத்தின் எண் சிறியது என்பதனால் வாழ்க்கை எளியது என்று கொள்ளலாகாது.

கோட்டைக் கடந்த பாட்டு

நண்பகலில் தெருமுனையிலிருந்து ஒரு திரைப்பாடல் காற்றில் வந்தது. அந்நாளில் வானொலிப் பெட்டி எல்லா வீட்டிலும் இல்லை. அதனை வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டும். ஒரு வீட்டில் பாடினால் பல வீட்டார் கேட்பர்.

ஸ்ரீதர் இயக்கிய 'கல்யாணப் பரிசு' என்னும் தமிழ்ப்படம் 1959இல் வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவர் ஏ. எம். ராஜா. அவர் பிறந்தது இதே சித்தூர் மாவட்டத்தில். அப்படம் 1960இல் 'பெள்ளி கானுக' என்ற பெயரில் தெலுங்கிலும் வந்தது. அதற்கும் இசை அவரே. பெயரின் பொருளும் ஒன்றே: 'பெள்ளி' என்பது திருமணம், 'கானுக' என்பது பரிசு. இதற்கு முன்னரே 1957இல் 'மாயாபஜார்' தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்து இரு மொழியினரையும் மகிழ்வித்திருந்தது.

குழந்தைகளுக்கும் அத்தகைய பொதுச்செல்வம் ஒன்று இருந்தது. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து ஒரு திங்களிதழ் இரு மொழிகளில் தொடங்கப்பெற்றது. தமிழில் அதன் பெயர் 'அம்புலிமாமா', தெலுங்கில் 'சந்தமாமா'. வள்ளி தமிழ் இதழையும், எதிர்வீட்டுத் தோழி தெலுங்கு இதழையும் படித்துவிட்டுக் கதையை ஒப்பிட்டுப் பேசுவர்.

அத்தோழியின் வீட்டில் நான்கு நாள் முன்பு, மார்ச்சு 28ஆம் நாள், யுகாதி கொண்டாடப்பட்டது. அவர்களுக்குச் சார்வரி ஆண்டு பிறந்துவிட்டது. வள்ளியின் வீட்டில் இன்னும் விகாரி ஆண்டின் பங்குனித் திங்களே நடந்தது. இரண்டு வாரங்களில் அவர்களுக்கும் சார்வரி பிறக்கும். ஆண்டின் பெயர் ஒன்று. அது வந்து சேரும் நாள்தான் வேறு.

ஐந்து நயா பைசாக் கடிதம்

மாலையில் பாட்டி ஓர் அஞ்சலட்டையை எடுத்துவரச் சொன்னார். அதன் விலை 5 நயா பைசா. மகளுக்குச் செய்தி சொல்ல வேண்டும். பாட்டிக்கு எழுதத் தெரியாது. அவர் பேரனை அழைத்தார்.

அவன் தயங்கினான். "பாட்டி, எனக்குத் தெலுங்கில்தான் எழுத வரும். அத்தைக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதே" என்றான்.

திண்ணையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. திருத்தணிக்குச் செல்ல எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. தொடர்வண்டியில் ஏறினால் சற்று நேரத்தில் சென்றுவிடலாம். அஞ்சலட்டையின் விலையும் கூடவில்லை. சட்டம் வரைந்த கோடு ஒரு கடிதத்தையும் தடுக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள், பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே, எவரும் வரையாத ஒரு கோடு விழுந்திருந்தது.

"நான் எழுதுகிறேன், பாட்டி" என்று வள்ளி அட்டையை வாங்கினாள். பாட்டி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முகவரி எழுதும்போது மட்டும் கை நின்றது. வழக்கமாக எழுதும் 'சித்தூர் மாவட்டம்' என்பதை விடுத்து, 'செங்கல்பட்டு மாவட்டம், சென்னை மாநிலம்' என்று எழுதினாள். முகவரி மாறியது, உறவு மாறவில்லை. அண்ணன் அருகில் வந்து அமர்ந்தான். "எனக்கும் எழுத்துகளைக் கற்றுக்கொடு. அடுத்த கடிதத்தை நான் எழுதுகிறேன்" என்றான்.

அறிய வேண்டுவது

வாழும் மாநிலத்தின் மொழியை நன்கு கற்றல் தேவை. வள்ளியின் அண்ணன் தெலுங்கு கற்றது பிழையன்று; தமிழெழுத்தை விட்டதே இழப்பு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் என 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு கூறுகிறது. சட்டம் வாயிலைத் திறந்து வைக்கலாம். அதனுள் நுழைந்து எழுதப் பழகுதல் வீட்டாரும் பிள்ளைகளும் செய்ய வேண்டியது. நாட்டின் எல்லை ஒரே நாளில் மாறும். மொழி அவ்வாறு ஒரே நாளில் மறைவதில்லை. எழுதப்படாமல் போகும் ஒவ்வொரு கடிதத்தோடும் அது சிறிது சிறிதாக விலகுகிறது. எழுதப்படும் ஒவ்வொரு கடிதத்தோடும் திரும்பி வருகிறது.

சொற்பொருள்

பாவு – நெசவில் நீளவாக்கில் அமையும் நூல்
திங்களிதழ் – மாதந்தோறும் வெளிவரும் இதழ்
வாழ்க்கைப்படுதல் – மணம்செய்து புகுந்த வீடு செல்லுதல்
அமர்த்துதல் – ஒரு பணிக்கு நியமித்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி எந்த மாவட்டத்தில் சேர்ந்தது?
2. 'நயா' என்பதன் பொருள் யாது?
3. 'கல்யாணப் பரிசு', 'பெள்ளி கானுக' ஆகிய இரு படங்களுக்கும் இசையமைத்தவர் யார்?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. ஓர் அணாப் பொருள் மூன்றினைத் தனித்தனியே வாங்கினால் எத்தனை நயா பைசா? அட்டவணைப்படி ஒன்றாக வாங்கினால் எத்தனை?
2. ஐந்து வீசை வெல்லம் ஏறத்தாழ எத்தனை கிலோ?

இ. சிந்தித்து எழுதுக.
1. "அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு" என்னும் கூற்று முழு உண்மையாகுமா? காரணம் தருக.
2. 'எவரும் வரையாத ஒரு கோடு' என்று பாடம் எதனைக் குறிக்கிறது?

ஈ. செயல்பாடு
வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் பத்து வயதில் கடையில் வாங்கிய மூன்று பொருள்களையும், அவற்றின் விலையையும், அந்நாளில் வீட்டிற்கு வந்த கூலியையும் கேட்டறிக. பின்னர், அவர் சொல்லச் சொல்ல, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்புக. முகவரியையும் தமிழில் எழுதி, பின்கோடு எண்ணைத் தவறாமல் குறிப்பிடுக.