நடவுப் பாட்டுக்கு ஒரு ப்ரீஆம்ப்

கேள்வி: எங்கள் ஊரில் நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிகள் மூன்று நான்கு பேர்தான் மிச்சம். அவர்கள் பாடுவதை டைனமிக் மைக்கில் பதிவு செய்கிறேன். ரெக்கார்டரின் லைன் இன்புட்டில் குரல் ரொம்பவும் மெலிதாக விழுகிறது. 358 ஐ.சி. வைத்து ஒரு ப்ரீஆம்ப் செய்தேன். டிரான்ஸ்பார்மர் அடாப்டரில் ஓட்டினால் ‘ம்ம்ம்’ என்று ஹம். 9 வோல்ட் பேட்டரிக்கு மாற்றியதும் அது போய்விட்டது. ‘உஸ்ஸ்’ மட்டும் போகவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பேட்டரிக்கு மாறியது நல்ல காரியம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும், அதை டயோடு நேராக்கிய பின் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸும்தான் ஹம்மாகக் கேட்டவை. ‘உஸ்ஸ்’ வருவது ஐ.சி.யிலிருந்து.

200 ஓம் மைக் சும்மா இருக்கும்போதே, காதுக்கு எட்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரம்பில் கால் மைக்ரோவோல்ட் வெப்ப இரைச்சல் தரும். அதைத் தவிர்க்க வழியில்லை. அதன்மேல் 358 சேர்ப்பது 5 மைக்ரோவோல்ட்டுக்கும் அதிகம். பலரும் சிபாரிசு செய்யும் டிஎல்071 இரண்டரை சேர்க்கும். என்இ5534 அரை மைக்ரோவோல்ட்டோடு நின்றுவிடும். பாட்டியின் மெல்லிய குரலுக்கு மைக் ஒரு மில்லிவோல்ட்கூடத் தராது என்பதால், இந்த வித்தியாசம் காதில் நன்றாகவே விழும். 5534 போடுங்கள். கால் அமைப்பு வேறு. 358 இருந்த சாக்கெட்டில் அப்படியே செருகிவிடாதீர்கள்.

5534-க்குக் குறைந்தது பிளஸ் மைனஸ் 5 வோல்ட் வேண்டும். ஒரே 9 வோல்ட் பேட்டரியை இரண்டாகப் பிரித்தால் நாலரைதான் கிடைக்கும். அதனால் இரண்டு பேட்டரி வையுங்கள். ஒன்றின் மைனஸும் மற்றதன் பிளஸும் சேரும் இடம்தான் கிரவுண்ட். ஐ.சி. இழுப்பது சுமார் 4 மில்லி ஆம்பியர். ஆல்கலைன் பேட்டரி என்றால் பல நாள் பதிவுக்குத் தாங்கும்.

பலர் கோட்டைவிடுவது ரெசிஸ்டரில். 100 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் போட்டாலும், 10 கிலோ ஓமும் 100 ஓமும் போட்டாலும் பெருக்கம் ஒன்றுதான்: 101 மடங்கு, அதாவது 40 டெசிபல். ஆனால் அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் மட்டுமே 5534-இன் இரைச்சலை மிஞ்சிவிடும்! நல்ல ஐ.சி. வாங்கிய காசு வீண். இரண்டாவது ஜோடியையே போடுங்கள், மெட்டல் ஃபிலிம் வகையில். 100 ஓமோடு வரிசையில் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்; பாட்டின் கீழ் ஸ்வரங்களும் தேயாது.

சர்க்யூட்டை வைக்க மூடியுள்ள தகர டப்பாவோ அலுமினியப் பெட்டியோ எதுவானாலும் சரி, அதை மைக் ஜாக் பக்கம் ஒரே இடத்தில் கிரவுண்டோடு இணையுங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு சாண் ஆனால் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும், எந்த ஐ.சி.யாலும் அதை இரைச்சல் இல்லாமல் மீட்க முடியாது. இரண்டு பேட்டரியையும் ஒன்றாக அணைக்க டபுள் போல் சுவிட்ச் வாங்குங்கள். பதிவுக்குக் கிளம்பும் முன் மல்டிமீட்டரில் பார்த்து, எது 7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.