நல்ல கேம்கள் இருந்தும் ட்ரீம்காஸ்ட் ஏன் தோற்றது?

கேள்வி: செகாவின் ட்ரீம்காஸ்ட் கேம் கன்சோலில் அத்தனை அருமையான கேம்கள் இருந்தும், விற்பனையில் ஏன் கவிழ்ந்தது?

பதில்: கேம்களில் குறையே கிடையாது. ‘சோல்காலிபர்’, ‘ஷென்மூ’, ‘ஜெட் செட் ரேடியோ’ மூன்றும் இன்றைக்கும் சலிக்காதவை. கன்ட்ரோலரில் செருகும் மெமரி கார்டுக்கே ஒரு குட்டித் திரை உண்டு. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டும் விளையாடலாம். 1999-இல் அமெரிக்காவுக்கு வந்தபோதே உள்ளே மோடமும் இருந்தது.

ஆனால் செகாவின் பெயர் அதற்கு முன்பே கெட்டுவிட்டது. அதன் முந்தைய கருவிகளான 32எக்ஸ், சாட்டர்ன் இரண்டையும் ஆசையாக வாங்கியவர்களை அது பாதியிலேயே கைவிட்டிருந்தது. சூடுபட்டவர்கள் மறுபடி பர்ஸைத் திறக்கத் தயங்கியதில் தப்பே இல்லை. போதாக்குறைக்கு, 2000-இல் போட்டிக்கு வந்த பிளேஸ்டேஷன் 2 கன்சோலில் டிவிடி படமும் பார்க்க முடிந்தது. டிவிடி பிளேயர் விலை எட்டாத அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய ஈர்ப்பு! எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமோ ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடத் தரவில்லை. திருட்டு சிடிகளைப் பலர் காரணம் சொல்வார்கள். அது இரண்டாம்பட்சம்தான் என்பேன். பழைய நஷ்டங்கள் ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

2001 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். செகாவின் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்திலிருந்து பெருந்தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, அந்த மார்ச்சிலேயே காலமானார். அந்தப் பணம் செகாவைத் தாங்கிப் பிடித்தது. அதன்பின் செகா மற்றவர்களின் கன்சோல்களுக்குக் கேம் செய்யத் தொடங்கியது.