படம் எத்தனை மணிக்கு விடும்?

நாச்சாரம் ஹைதராபாத் நகரில் உள்ள ஒரு பகுதி. அங்கே பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கு வேலை செய்யும் ஒரு கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கிளம்பினார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டார்கள்.

"ஒன்பது மணிக்கு வந்துடுவோம் பாட்டி" என்றாள் மனைவி.

முன்பு பார்த்த படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தாள். ஆட்டம் தொடங்கியது 6.30க்கு. விட்டபோது மணி 9.50. வீடு சேரும்போது பத்தேகால். குழந்தை அழுது அழுது தூங்கிவிட்டது. பாட்டி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு படம் இரண்டு மணி நேரம். இன்னொரு படம் மூன்று மணி நேரம். ஏங்க இப்படி?" என்று கேட்டாள் மனைவி. கணவனுக்கும் தெரியவில்லை.

முன்பெல்லாம் படம் பிலிம் சுருளில் வந்தது. ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி பிலிம் வேண்டும். மூன்று மணி நேரப் படத்துக்கு எத்தனை அடி? 90ஐ 180ஆல் பெருக்குங்கள். 16,200 அடி! ஒவ்வொரு தியேட்டருக்கும் இப்படி ஒரு பிரதி போட வேண்டும். படம் நீண்டால் செலவும் கூடும்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது. பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டளை போட்டது. அதாவது சுமார் இரண்டு மணி நேரம். அந்த அளவுக்குள் வந்த படம்தான் தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் சிறியது, ஓட்டம் பெரியது!

நீளமான படமும் உண்டு. நாச்சாரத்தில் என்.டி. ராமாராவ் குடும்பத்தாரின் ராமகிருஷ்ணா ஸ்டுடியோ உண்டு. அந்த நிறுவனம் எடுத்த 'தான வீர சூர கர்ணா' என்ற தெலுங்குப் படம் 1977 சங்கராந்திக்கு வந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும். கர்ணனின் பிறப்பு முதல் இறப்பு வரை முழுக்கதை. வசனங்களும் நீளமானவை. கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் ஆகிய மூன்று வேடமும் ராமாராவே. படத்தை இயக்கியவரும் அவரே. அதன் பிலிம் 20,000 அடிக்கு மேல். சாலையில் விரித்தால் 6 கிலோமீட்டர் போகும்! அத்தனை நீளம் இருந்தும் மக்கள் கூட்டமாய் வந்து பார்த்தார்கள்.

பாட்டும் நேரத்தைக் கூட்டும். ஒரு பாட்டு நான்கைந்து நிமிடம். ஐந்து பாட்டு என்றால் இருபது நிமிடத்துக்கு மேல். ஆங்கிலப் படங்களில் பெரும்பாலும் பாட்டு இல்லை. அவை சீக்கிரம் முடிய அதுவும் ஒரு காரணம்.

இப்போது பெரும்பாலான தியேட்டர்களில் பிலிம் சுருள் இல்லை. பிரதிச் செலவும் குறைந்துவிட்டது. ஆனால் பகலும் இரவும் நீளவில்லையே! இரண்டரை மணி நேரப் படம் என்றால் ஒரு நாளில் நான்கு ஆட்டம் போடலாம். நான்கு மணி நேரம் என்றால் மூன்றுதான் வசதிப்படும். ஒரு ஆட்டத்தின் வசூல் போய்விடும். அதனால் தியேட்டர்காரர்கள் நீளத்தைக் குறைக்கச் சொல்வார்கள்.

படம் தொடங்கும் முன் திரையில் தணிக்கைச் சான்றிதழ் காட்டுவார்கள். படம் எத்தனை நிமிடம் என்று அதில் இருக்கும். சொற்கள் தமிழில் இல்லாவிட்டால் என்ன? எண்களைப் படிக்கலாமே. ஆனால் டிக்கெட் வாங்கிய பிறகுதானே அதைப் பார்க்க முடியும்? முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த மாதம் அவள் அப்படித்தான் செய்தாள். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் பார்த்து, "160 நிமிஷம் அக்கா" என்றான். அவளே நோட்டில் கணக்குப் போட்டாள்.

6.30உடன் 2 மணி 40 நிமிடம்: 9.10. இடைவேளை 15 நிமிடம்: 9.25. விளம்பரம் 10 நிமிடம்: 9.35. வீட்டுக்கு வர 25 நிமிடம்.

"பத்து மணி ஆகும் பாட்டி. உங்களுக்கும் சோறு வச்சிருக்கேன், சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.