செவிலியர் தாமே மருந்து எழுதலாமா?

“மருத்துவரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று செவிலியர் கூறும்போது, உடனிருக்கும் உறவினர் சிலர் பொறுமை இழக்கின்றனர். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் ஒரு மாத்திரையைத் தாமே எழுதித் தரக்கூடாதா என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் அனுபவத்தை மட்டும் வைத்து அதற்கு விடை கூற இயலாது. பயிற்சி, சட்டம், பொறுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உயர்நிலைச் செவிலியர் யார்?

செவிலியப் படிப்பையும் பணி அனுபவத்தையும் பெற்றபின், உடல் பரிசோதனை, நோயறிதல், மருந்தியல் ஆகியவற்றை மேற்படிப்பாகக் கற்றவரே உயர்நிலைச் செவிலியர். ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்பதும் இவ்வகையினரின் பெயரே. இதற்கான முதல் பயிற்சித் திட்டத்தை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965இல் தொடங்கியவர்கள் இருவர்: செவிலியரான லொரெட்டா ஃபோர்டு, குழந்தை மருத்துவரான ஹென்றி சில்வர். மருத்துவ வசதி குறைந்த இடங்களில் குழந்தைகளின் நலத்தைக் கவனிப்பதே அதன் தொடக்க நோக்கம்.

உரிமை எவ்வாறு அமைகிறது?

அமெரிக்காவில் இவ்வுரிமையை ஒவ்வொரு மாநிலமும் தனிச் சட்டத்தால் வரையறுக்கிறது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உயர்நிலைச் செவிலியர் தாமே நோயறிந்து, தாமே மருந்து எழுதலாம். பிற மாநிலங்களில் ஒரு மருத்துவருடன் ஒப்பந்தமோ அவருடைய மேற்பார்வையோ வேண்டும். கலிபோர்னியா 2020இல் சட்டம் இயற்றி, போதிய அனுபவம் உள்ளவர்களுக்கு 2023 முதல் படிப்படியாக இவ்வுரிமையை வழங்கத் தொடங்கியது.

இதில் இரு தரப்பு வாதங்கள் உண்டு. மருத்துவரின் பயிற்சிக் காலம் மிக நீண்டது. எளிய அறிகுறிக்குப் பின்னே மறைந்திருக்கும் அரிய நோயைக் கண்டறிய அது தேவை என்கின்றன மருத்துவர் அமைப்புகள். செவிலியர் தரப்போ, ஒப்பந்தம் செய்த மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதே இல்லாமல் போகலாம் என்கிறது. அந்த ஒப்பந்தத்திற்குப் பல இடங்களில் செவிலியரே கட்டணம் செலுத்துவதையும் சுட்டிக்காட்டுகிறது. மருத்துவர் இல்லாத சிற்றூர்களில் இது வீண் தடை என்பது அவர்கள் வாதம்.

நியூயார்க் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. அதில் 1,316 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் மருத்துவரிடமும் மற்றவர் உயர்நிலைச் செவிலியரிடமும் அனுப்பப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவற்றின் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் கீழ் அளவு செவிலியரிடம் சென்றோரில் 82ஆகவும், மருத்துவரிடம் சென்றோரில் 85ஆகவும் இருந்தது. எனினும் இது முதல்நிலைச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வு. சிக்கலான நோய்களுக்கும் இதே முடிவு பொருந்தும் என்று கொள்ள இயலாது. ஒரு மருத்துவனாக என் கருத்து இதுவே: தெளிவாக வரையறுத்த எல்லைக்குள், தக்க பயிற்சியுடன் இவ்வுரிமையை வழங்கலாம், எல்லையைத் தாண்டும் நோயாளியை உடனே மருத்துவரிடம் சேர்க்கும் வழியும் உடன் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் என்ன நிலை?

இந்தியச் செவிலியர் குழுமம் தீவிர சிகிச்சைக்கான உயர்நிலைச் செவிலியரை உருவாக்க ஈராண்டு முதுநிலைப் படிப்பை வகுத்துள்ளது. மகப்பேற்றுப் பணிக்கு 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் பதினெட்டு மாதப் பயிற்சியை வகுத்தன. சிக்கலற்ற பேறுகாலத்தைக் கவனிப்பதே இவ்வாறு பயிற்சி பெறுவோரின் முதன்மைப் பணி. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில், ‘சமுதாய நலப் பணியாளர்’ என்ற இடைநிலைப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் வழங்க இடமளிக்கிறது. அவர்கள் முதல்நிலை மற்றும் தடுப்பு மருத்துவத்தில், குறிப்பிட்ட மருந்துகளை மட்டுமே தாமாக எழுதலாம். ஆனால் வார்டில் பணிபுரியும் செவிலியர் அனைவருக்கும் அவ்வுரிமை உண்டு என்பது இதன் பொருளன்று. அவர்கள் மருத்துவரின் ஆணைப்படியும் மருத்துவமனையின் எழுத்து வடிவிலான நெறிமுறைப்படியுமே மருந்து தருகின்றனர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆணையில் இல்லாத ஊசியையோ மாத்திரையையோ கேட்டுச் செவிலியரை வற்புறுத்தாதீர்கள். அவர் மறுப்பது உங்கள் நோயாளியின் பாதுகாப்புக்காகவே.

• “இந்த மருந்தின் அளவைத் தேவைக்கேற்ப மாற்ற உங்களுக்கு ஆணை உள்ளதா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். இன்சுலின், வலி மருந்து போன்றவற்றுக்கு அத்தகைய ஆணை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கலாம்.

• எந்த அறிகுறி தோன்றினால் மருத்துவரை அழைக்க வேண்டும், இரவில் யாரை அழைக்க வேண்டும் என்பதை மாலையிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

• மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால் மருத்துவரின் வருகைக்காகக் காத்திராமல் முதலில் செவிலியரை அழையுங்கள். நோயாளியின் நிலை மாறுவதைப் பெரும்பாலும் முதலில் காண்பவர் அவரே. முதலுதவியைத் தொடங்கி, மருத்துவரை வரவழைப்பவரும் அவரே.