டிரைவரை அப்டேட் செய்யலாமா?

புதிய கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும், "உங்கள் சிஸ்டத்தில் 17 டிரைவர்கள் பழையதாகிவிட்டன" என்று சிவப்பு எழுத்தில் ஒரு விண்டோ எட்டிப் பார்க்கும். கீழே "இப்போதே சரி செய்" என்று பெரிய பட்டன் இருக்கும். அந்தப் பட்டனை அழுத்துவதற்கு முன் இதைப் படித்து விடுங்கள்.

முதலில் டிரைவர் என்றால் என்ன என்று பார்ப்போம். பிரிண்டர், வை-ஃபை கார்டு, சவுண்ட் சிப் என ஒவ்வொரு சாதனத்திற்கும் தனி பாஷை உண்டு. விண்டோஸுக்கு அத்தனை பாஷையும் தெரியாது. "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்று விண்டோஸ் சொல்வதை, அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர்தான் டிரைவர். பெரும்பாலும் சாதனத்தைத் தயாரித்த நிறுவனமே இதை எழுதித் தருகிறது.

வேர்டு போன்ற ஒரு புரோகிராம் தவறு செய்தால் அந்த விண்டோ மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் பல டிரைவர்கள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் இயங்குகின்றன. அங்கே ஒன்று தடுக்கி விழுந்தால் மொத்த சிஸ்டமும் நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று நடந்தது இதுதான். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் படிக்கும் ஒரு ஃபைல் பிழையாக அனுப்பப்பட்டது. உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமான நிலையங்களில் கூட்டம் தேங்கி நின்றது.

ஹார்டுவேருக்கே ஆபத்து வந்த கதையும் உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவரில், சில கார்டுகளின் ஃபேன் சரியாகச் சுழலவில்லை; கார்டு சூடாகியது. நிறுவனம் அந்த டிரைவரை உடனே திரும்பப் பெற்றது. ஆகவே புதியது என்பதாலேயே ஒரு டிரைவர் நல்லது என்று எண்ண வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் டிரைவரைத் தொடாமல் இருப்பதே என் கட்சி.

தேதியைப் பார்த்து பயப்படாதீர்கள்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் தேர்வு செய்யவும். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள சாதனங்களின் பட்டியல் கிடைக்கும். ஏதாவது ஒன்றில் டபுள் கிளிக் செய்து, டிரைவர் என்ற டேபுக்குச் செல்லவும். டிரைவரின் தேதியும் பதிப்பு எண்ணும் அங்கே இருக்கும்.

பல சாதனங்களுக்கு அந்தத் தேதி 2006 ஜூன் 21 என்று காட்டும். போன வருடம் வாங்கிய லேப்டாப்பில் 20 வருடப் பழைய டிரைவரா என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே இந்தப் பழைய தேதியைப் போடுகிறது. தயாரிப்பு நிறுவனம் தரும் டிரைவர் தேதியில் புதியதாகத் தெரிந்து, அதுவே தேர்வாக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போய், சில சிப்செட் டிரைவர்களுக்கு 1968 ஜூலை 18 என்று தேதி இட்டிருக்கிறது. அது இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள்!

"டிரைவர் அப்டேட்டர்" என்ற பெயரில் வரும் புரோகிராம்கள் பலவற்றுக்கு இந்தத் தேதிகள் நல்ல சாக்கு. என் சித்தப்பா ஒரு புரோகிராமுக்கு 1,500 ரூபாய் கட்டியிருந்தார். அது "ஆபத்தானவை" என்று காட்டிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் 2006 தேதியிட்டவைதான்.

எப்போது மாற்றலாம்?

டிவைஸ் மேனேஜரில் ஒரு சாதனத்தின் மேல் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருந்தால் கவனிக்கவும். கோட் 28 என்று இருந்தால் டிரைவரே இல்லை என்று பொருள். சாதனத்தின் பெயர்கூடத் தெரியாவிட்டால், டீடெய்ல்ஸ் டேபில் ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்வு செய்யவும். அதில் வி.இ.என். என்ற எழுத்துகளை அடுத்து வருவது தயாரிப்பாளரின் குறியீடு. 8086 என்றால் இன்டெல்; 1978ல் வெளிவந்த அதன் பிரபலமான பிராசசரின் எண்ணும் இதுவே. 1002 என்றால் ஏஎம்டி. 10டிஇ என்றால் என்விடியா. 10இசி என்றால் ரியல்டெக்.

வை-ஃபை அடிக்கடி துண்டிக்கப்படுவது, தூங்கிய லேப்டாப் எழ மறுப்பது, புதிய கேம் ஓடாதது போன்ற தொல்லைகள் இருந்தாலும், பாதுகாப்புக் குறைபாடு ஒன்றைச் சரி செய்ததாக நிறுவனம் அறிவித்தாலும் மாற்றலாம்.

டிரைவரை எங்கே பெறுவது? முதலில் விண்டோஸ் அப்டேட்டில், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் வழியாகச் சென்று பார்க்கவும். அங்கே இல்லை என்றால், லேப்டாப் வைத்திருப்பவர்கள் அந்த லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திற்குச் செல்ல வேண்டும். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கொடுத்தால் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவர்கள் மட்டும் கிடைக்கும். தேடுபொறியில் முதலில் வரும் "இலவச டிரைவர் டவுன்லோட்" தளங்களைத் திறக்காதீர்கள்.

ரிக்கவரி கீ எங்கே?

இந்த விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 11 உடன் வரும் பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் மூலம் நுழைந்ததும் ஹார்டு டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு விடுகிறது. இதற்குப் பயன்படுவது பிட்லாக்கர். நிறுவனத்தின் பக்கத்தில் டிரைவர்களோடு பயாஸ் அப்டேட்டும் இருக்கும். அதை நிறுவிய பிறகு சில சமயம் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்கும். அது உங்களிடம் இல்லை என்றால், வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்காத போட்டோக்களும் ஃபைல்களும் போனது போனதுதான். சர்வீஸ் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. எனவே இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள் சென்று அந்தக் கீயைத் தாளில் எழுதி வைக்கவும். கம்ப்யூட்டர் உள்ளேயே சேமித்து வைத்துப் பயனில்லை. பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் மதர்போர்டே பழுதாகலாம் என்பதால், லேப்டாப்பில் பேட்டரி நிறைய இருக்கட்டும், சார்ஜரும் செருகியிருக்கட்டும்.

டிரைவரை நிறுவுவதற்கு முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிக் கொள்ளவும். ஒரே நாளில் ஐந்தாறு டிரைவர்களை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்தால்தான், தொல்லை வந்தால் எது காரணம் என்று தெரியும்.

தொல்லை வந்துவிட்டால் அதே டிரைவர் டேபில் உள்ள ரோல் பேக் பட்டனைக் கிளிக் செய்யவும். பழைய டிரைவர் திரும்பி வரும். பட்டன் மங்கலாக இருந்தால், திரும்பிச் செல்லப் பழைய டிரைவர் எதுவும் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். திரையே சரியாக வரவில்லை என்றால், விண்டோஸில் நுழையும் திரையில் உள்ள பவர் பட்டனில் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுக்கவும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் எனச் சென்று ரீஸ்டார்ட் ஆனதும் 4ஐ அழுத்தினால் சேஃப் மோடு கிடைக்கும். அங்கிருந்து ரோல் பேக் செய்யலாம். இங்கும் அந்த 48 இலக்கக் கீயைக் கேட்கக்கூடும்.

விண்டோஸை மறுபடி நிறுவப் போகிறீர்கள் என்றால், வை-ஃபை டிரைவரை மட்டுமாவது முன்கூட்டியே பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளவும். மறந்துவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யவும். போனின் இன்டர்நெட் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும். அதிலேயே டவுன்லோட் செய்து கொள்ளலாம்.